பொதுப்பணி: திருப்பணியில் உள்ள அதே பணி

மே மாதத்தின் மூன்றாம் முழுவாரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீதி, பாலம், குடிநீர், வடிகால், குப்பை அகற்றல் ஆகியவற்றைப் பார்ப்பவர்களைப் பாராட்டும் வழக்கம் உண்டு. அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம் 1960இல் தொடங்கிவைத்த வாரம் அது. அந்தச் செய்தி தமிழுக்கு வரும்போதெல்லாம் ‘பொதுச்சேவை நிபுணர்கள் கௌரவிப்பு’ ஆகிவிடுகிறது. அங்கிருந்து அந்தத் தொடர் இலங்கையின் வன்னிக்கும் வந்துவிட்டது. குளம் திருத்தி முடிந்ததும் கட்டும் பதாகையில், ஓய்வுபெறும் ஓவசியருக்கு (வேலை மேற்பார்வையாளருக்கு)ப் பொன்னாடை போர்த்தும் மேடையில், பிரதேச சபை அழைப்பிதழில் எல்லாம் அதே தொடர்தான். அதில் சேவையும் பிழை, நிபுணரும் பிழை.

ஆங்கிலத்தில் இத்துறையின் பெயர் ‘பப்ளிக் வேர்க்ஸ்’. ‘வேர்க்ஸ்’ என்ற பன்மை, உழைப்பைக் காட்டிலும் உழைப்பால் உண்டாகி நிலத்தில் நிற்கும் பொருளைச் சுட்டுவது. பாலம் ஒரு வேர்க், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு ஒரு வேர்க்.

சென்னையில் இத்துறை 1858இல் அமைந்தது. அங்கே ‘பொது மராமத்து இலாகா’ என்று வழங்கிப் பின்னர் ‘பொதுப்பணித்துறை’ ஆயிற்று. இலங்கையில் நடந்தது வேறு. இங்கே பழைய ஆட்கள் ‘பப்ளிக் வேர்க்ஸ் டிப்பார்ட்மென்ட்’ என்பதைச் சுருக்கி ‘பீ.டபிள்யூ.டி.’ என்றே சொல்லி வந்தார்கள், அந்தத் திணைக்களமும் கிளைகிளையாகப் பிரிந்துபோனது. நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இலேயே தனியாகிவிட்டது. வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டம் 1981இல் வந்தது. இன்று கிளிநொச்சியில் ஒரு வாய்க்காலுக்கும் அதன் பக்கத்து வீதிக்கும் பொறுப்பாளர் வேறு வேறு. பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், 80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், குழாய்நீர் என்றால் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, ஒழுங்கைகளும் குப்பையும் பிரதேச சபை. இத்தனையையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவரும் அலுவலகம் இல்லாததால், ஒரு சொல்லும் இங்கே வேர்விடவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘பொதுச்சேவை’ குடிபுகுந்தது.

சேவைக்கு இங்கே ஏற்கெனவே பொருள் இருக்கிறது. அரச உத்தியோகம் முழுவதும் ‘அரச சேவை’. ஆசிரியர், தபாற்காரர், கிராம அலுவலர் எல்லாரும் அதற்குள் அடங்குவர். அப்படியிருக்கப் ‘பொதுச்சேவை நிபுணர்’ என்றால் துருசுக் கதவைத் திருகுகிறவர் எப்படி நினைவுக்கு வருவார்? இன்னொரு பக்கம், சேவை என்றதும் சிரமதானமும் இலவச மருத்துவ முகாமும் நினைவில் எழும். மனமுவந்து, கூலி வாங்காமல் செய்வது என்ற வாசனை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாட்சம்பளத்துக்கு வடிகானில் இறங்கி நிற்பவரைச் சேவையாளர் என்று மேடையேற்றினால், கையுறையும் முழங்கால் சப்பாத்தும் நிரந்தர நியமனமும் கேட்க அவருக்கு வாய் வராது. சேவை செய்பவர் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்க ஆள் இருக்கும். நம் மேடைகளில் இது நடக்கிறது, ஆகவேதான் இதை வெறும் சொற்சண்டை என்று ஒதுக்க முடியாது.

இவர்கள் செய்வது கைத்தேர்ச்சியும் கணக்கும் கலந்த தொழில் என்பதற்கு வன்னியிலே குளக்கட்டைப் பார்த்தால் போதும். மாரியில் நீர், மிகைநீர் வழிந்தோடும் வான்மட்டத்துக்கு ஏறும்போது கட்டின் வெளிச்சரிவு அடியில் கசிவு தோன்றும். தெளிந்த நீராக வந்தால் பக்கத்தில் தடி நட்டு அடையாளம் வைத்து, அளவு கூடுகிறதா என்று இரவும் பகலும் பார்க்க வேண்டும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபட்டு வெளியேறுகிறது என்று பொருள், இனி நேரமில்லை. அப்போது களிமண்ணை அப்பி வாயை அடைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அடைத்தால் உள்ளே அமுக்கம் ஏறும், நீர் பக்கத்தால் வேறு வழி பறிக்கும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. வாயின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் பெரிய கல் என்று அடுக்க வேண்டும். நீர் போக வேண்டும், மண் போகக்கூடாது. நீர் பொங்கி வந்தால் சுற்றிவர மண்மூட்டை அடுக்கி, அந்த வட்டத்துக்குள் நீர்மட்டத்தை உயரவிட்டால் வேகம் தணியும்.

இந்த இரவு வராமலிருக்க அதற்கு முந்திய கோடையிலேயே வேலை நடந்திருக்க வேண்டும். கட்டில் முளைத்த மரக்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். வளரவிட்டு அடியோடு தறித்தால் வேர் உள்ளே உக்கி, நீருக்குக் குழாய் போட்டுக் கொடுத்ததாகிவிடும். கறையான் புற்றையும் எலி வளையையும் தோண்டி, ஈரப்பதமான மண்ணை அரை அடிக்கு மிகாத படைகளாகப் போட்டு இடிக்க வேண்டும். துருசின் திருகுக் கம்பிக்குக் கிறீஸ் பூசி, கதவை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். வான்கதவு சொன்னபடி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது இரணைமடுக் குளம் மறித்து நிற்கும் கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும். பிந்தித் திறந்தால் மண்கட்டு தாங்காது, ஒரேயடியாகத் திறந்தால் கீழே ஊர் தாங்காது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்திருந்த நாட்களில் கிளிநொச்சி கண்ட வெள்ளம் யாருக்கும் மறந்திராது.

‘நிபுணர்’ இந்த இடத்தில்தான் தடக்குகிறது. நிபுணர் என்றால் ஆலோசனை சொல்பவர், கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். பொறியியலாளரை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். தொழினுட்ப உத்தியோகத்தர், வேலை அத்தியட்சகர், ஓவசியர், றோலர் ஓட்டுநர், மேசன், வடிகான் துப்புரவு செய்பவர் எல்லாரும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பார்கள். அமெரிக்க வாரம் மதிப்பது மேசையில் இருப்பவரையும் குழியில் நிற்பவரையும் சேர்த்து. இலங்கை அரசகருமத் தமிழ் ‘தொழில்வாண்மையாளர்’ என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறது, ஆனால் வழக்கில் அதுவும் சான்றிதழ் பெற்றோருக்கு மட்டுமே உரியதாகிவிட்டது.

மாற்றாகச் சிலர் முன்வைக்கும் சொற்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ‘பகிரங்க வேலைகள்’ என்பது அகராதியை மட்டும் பார்த்து எழுதியது. பகிரங்கம் என்பதற்கு மறைவில்லாதது என்று பொருள். பகிரங்க ஏலம் சரி, பகிரங்க மன்னிப்பும் சரி, பகிரங்கப் பாலம் எங்கும் கிடையாது. ‘பொது ஊழியம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது குடிகளிடம் கட்டாயமாக வாங்கிய உழைப்பின் பெயர். ஆங்கிலேயரும் 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டத்தால் வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதிக்கு உழைக்க வேண்டும் அல்லது காசு கட்ட வேண்டும் என்றார்கள். அந்தச் சுமை ஏறிய சொல்லைப் பாராட்டுக்கு எடுப்பது பொருந்தாது.

மிச்சமிருப்பவை ‘கட்டுமானம்’, ‘மராமத்து’ இரண்டும். இவை பிழையல்ல, ஒவ்வொன்றும் பாதி. கட்டுமானம் புதிதாக எழுப்புவதோடு நின்றுவிடும். மராமத்து, அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல், பழுதுபார்ப்பதை மட்டும் சொல்லும். பொதுப்பணித் தொழிலில் பெரும்பங்கு பழுதுபார்ப்பதுதான் என்றாலும், முதலில் ஒன்றைக் கட்டியிருந்தால்தானே பழுதுபார்க்கலாம்.

இரண்டையும் ஒருங்கே தாங்கும் தமிழ்ச்சொல் நம் கோவில் வாசலிலேயே எழுதியிருக்கிறது. திருப்பணி. புதுக்கோபுரம் எழுப்புவதும் திருப்பணி, விழுந்த மண்டபத்தைத் தூக்கி நிறுத்துவதும் திருப்பணி. போருக்குப் பின் வன்னியில் திருப்பணிச் சபை இல்லாத கோவில் அரிது, அந்தச் சொல்லை அர்ச்சனை என்றோ தொண்டு என்றோ எவரும் மயங்குவதில்லை. கல்லும் சீமெந்தும் கணக்குப் புத்தகமும் உள்ள வேலை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பணிதல், ஏவல், தொண்டு என்று பணிக்கு வேறு பொருள்கள் உண்டுதான். ‘பொதுப்பணி’யில் இருப்பது திருப்பணியில் உள்ள பணி. கோவிலுக்குத் திருப்பணி போல ஊருக்குப் பொதுப்பணி. தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக இந்தச் சொல்லைத் தள்ளிவைப்பது வீண் பிடிவாதம். வான், துருசு, அலைகரை என்ற நம் சொற்களை அதற்காக விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. அங்கே மதகு என்றால் குளத்து நீரைத் திறந்துவிடும் வாய், இங்கே மதகு என்றால் வீதிக்குக் கீழே நீர் போகும் சிறுபாலம். இரண்டு வழக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆட்களுக்கு ‘பொதுப்பணித் தொழிலர்’ என்பதே என் தெரிவு. தொழிலர் என்பதில் பொறியியலாளரும் அடங்குவார், மண்வெட்டி பிடிப்பவரும் அடங்குவார், எவரும் குறைந்துபோக மாட்டார். ‘பொதுப்பணியாளர்’ என்றால் மறுபடியும் அரச ஊழியர் என்ற மயக்கம் வரும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. எதற்கெடுத்தாலும் ‘அபிவிருத்தி’ போடுவதை நிறுத்துங்கள். தார் வீதிக் குழியை விளிம்பு நேராக நாற்சதுரமாக வெட்டி, தூசு தட்டி, ஓரங்களுக்குத் தார் பூசி, கலவையைப் போட்டு இடித்து மட்டமாக்குவது திருத்தம். கிறவல் என்னும் சரளை வீதியைச் சுரண்டி, நீர் இரு பக்கமும் ஓடும்படி நடுவை உயர்த்தி உருட்டுவது செப்பனிடல். அடித்தளத்தையே கிளறி எடுத்து மீளப் போடுவது புனரமைப்பு. மூன்றுக்கும் செலவு வேறு, ஆள் வேறு, ஆயுள் வேறு. மூன்றையும் ‘வீதி அபிவிருத்தி’ என்று ஒரே பலகையில் எழுதினால், குழிக்குத் தார் ஊற்றியவர் வீதியே போட்டதாக ஊர் நம்பும், அடுத்த மாரியில் பழி ஓவசியர் தலையில் விழும்.

எழுதும்போது ‘பொது பணி’ என்று பிரிக்க வேண்டாம். பொதுக்கூட்டம், பொதுத்தேர்தல் போல இங்கும் வல்லினம் மிகும்: பொதுப்பணி, பொதுப்பணித் தொழிலர்.