நீலத்தை வெள்ளையாக்கிய கண்ணாடித் தகடு

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகள் ஆலிஸை 1902 வாக்கில் எடுத்த படம் ஒன்று உண்டு. எடுத்தவர் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன், 1890களிலேயே வாஷிங்டனில் சொந்த ஸ்டூடியோ நடத்திய பெண்மணி. ஆலிஸ் அப்போது பத்திரிகைகளின் செல்லப் பிள்ளை. அவருக்குப் பிடித்த வெளிர்நீலம் 'ஆலிஸ் நீலம்' என்று அவர் பெயரிலேயே புகழ்பெற்றது. இந்தப் படத்திலும் வண்ணம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு துளிகூடக் கேமரா பிடித்ததல்ல. பிரிண்ட் போட்ட பிறகு, யாரோ உட்கார்ந்து தூரிகையால் தீட்டியது.

கேமரா ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படம், அதனால் நிறம் இல்லை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அக்காலத்துத் தகட்டுக்கு மிக நன்றாகத் தெரிந்த நிறமே நீலம்தான்!

அன்றைய ஸ்டூடியோக்களில் புழங்கியது ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகடு. 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. ஜெலட்டினுக்குள் சில்வர் புரோமைடு படிகங்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அந்தச் சின்னப் படிகத்துக்குள் வெள்ளி அயனிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு ஒளித்துகள் வந்து படிகத்தில் மோதினால், புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரான் கழன்று ஓடும். படிகத்தில் எங்கேனும் ஒரு குறைபாடு இருந்தால் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் அலையும் வெள்ளி அயனி அதோடு சேர்ந்து, ஒரு வெள்ளி அணுவாகிவிடும். இப்படி ஒரே இடத்தில் நான்கு அணுக்கள் வாக்கில் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் ஒளி பட்ட படிகம். கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தகடு டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் இறங்கும்போதுதான், அந்த நாலு அணு இருக்கும் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறுகிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்குவது போல. ஒளி படாத படிகங்கள் அப்படியே நிற்கும், ஹைப்போ கரைசல் அவற்றைக் கரைத்து வெளியேற்றிவிடும். ஸ்டூடியோக்காரர்கள் பல்லாண்டு செய்துவந்த இந்த வேலைக்கு ரொனால்ட் கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் விளக்கம் தந்தது 1938இல்தான்.

சரி, நீலத்துக்கு ஏன் இந்தச் சலுகை? எலக்ட்ரானைக் கழற்ற ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். நீல ஒளித்துகளிடமும் புற ஊதாத் துகளிடமும் அது இருக்கிறது. சிவப்புத் துகளிடம் இல்லை. எத்தனை கோடி சிவப்புத் துகள்கள் கொட்டினாலும், தனித்தனியே ஒவ்வொன்றும் பலமில்லாததுதான். அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைத் தைரியமாக ஏற்றிவைத்தார்கள். படிகத்தில் சாயம் சேர்த்தால் அதைப் பச்சை ஒளியையும் உணரவைக்கலாம் என்று 1873இல் ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்தார். அத்தகைய தகடுகள் 1902இல் கடையில் கிடைத்தன. ஆனால் சிவப்புக்கு அவையும் குருடு.

இதன் விளைவை இன்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். வலைப்பக்கங்களுக்கான நிறப் பட்டியலில் 'ஆலிஸ் நீலம்' இன்றும் இருக்கிறது. அதன் மதிப்பு சிவப்பு 240, பச்சை 248, நீலம் 255. சுத்த வெள்ளைக்கு மூன்றுமே 255. இப்போது சிவப்பையும் பச்சையையும் மறைத்துவிட்டு நீலத்தை மட்டும் பாருங்கள். 255, 255. ஒரு வித்தியாசமும் இல்லை. நீலத்தை மட்டுமே அறிந்த தகட்டின் முன் வெளிர்நீலப் பட்டுக்கும் வெள்ளைப் பட்டுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். வெள்ளையிலும் நீலம் முழுதாக இருக்கிறது, வெளிர்நீலத்திலும் இருக்கிறது. படத்தில் இரண்டும் வெளுப்பாகவே தெரியும்.

முகத்தில் இது இன்னும் வேடிக்கையாக வேலை செய்யும். சிவந்த உதடு கறுத்துப்போகும். கன்னத்துச் செம்மை நிழலாகிவிடும். நேரில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மங்கலான மச்சங்கள்கூட, நீல ஒளியை உறிஞ்சுவதால், புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும். ஆலிஸுக்கு நீலச்சாம்பல் கண்கள். அப்படிப்பட்ட கண்கள் படத்தில் நேரில் இருப்பதைவிட வெளிறித் தெரியும். பழைய படங்களில் பலரின் பார்வை கண்ணாடிபோல விசித்திரமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நிறம், தோல் பற்றி அந்தப் படங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் டச்சிங் என்று தனிக் கலையே வளர்ந்தது. வெளிச்சமும் இருளும் தலைகீழாகப் பதிந்திருக்கும் நெகட்டிவில், மச்சம் தெளிந்த ஓட்டைபோல இருக்கும். கூர் சீவிய பென்சிலால் அங்கே மெல்லத் தொட்டுத் தொட்டுக் கரியேற்றுவார்கள். அந்த இடம் ஒளியைத் தடுப்பதால், பிரிண்ட்டில் மச்சம் மறைந்துவிடும். அப்புறம் வாடிக்கையாளர் கேட்டால் வண்ணம். நீர்வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது, அதனால் அடியில் இருக்கும் நிழலும் வெளிச்சமும் அழியாமல், மேலே நிறம் மட்டும் ஏறும். மடிப்பையும் நிழலையும் கேமரா தந்தது, நிறத்தைத் தீட்டுபவர் நினைவிலிருந்தோ குறிப்பிலிருந்தோ தந்தார்.

1906 பிப்ரவரி 17 அன்று வெள்ளை மாளிகையில் ஆலிஸுக்குக் கல்யாணம் நடந்தது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் கிராய்டனில் இருந்த ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம், சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவையும் நீலத்துக்கே அதிகம் மசிந்தன. அதைக் கட்டுப்படுத்த லென்ஸில் மஞ்சள் வடிகட்டி மாட்ட வேண்டியிருந்தது. கூடவே ஒரு சங்கடம். சிவப்பையும் உணரும் தகட்டைச் சிவப்பு விளக்கில் கழுவ முடியாது. வெளிச்சம் பார்த்துப் பார்த்தே டெவலப் செய்து பழகியவர்கள் இனி முழு இருட்டில் கடிகாரத்தை நம்பி வேலை செய்யவேண்டியதாயிற்று.