தன் வீட்டுக் கதவைத் தானே இடித்துத் திறக்கும் நீராவி

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ரயில் காட்சியகம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகைதான் கொஞ்சம் பெரிது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் நான்கைந்து பேர், புனலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் இரண்டு சேட்டன்கள், ஐடிஐ மாணவர்கள் சிலர் ஞாயிறுதோறும் அங்கே கூடி, மீட்டர் கேஜ் காலத்துச் சாமான்களைப் பிரித்து, துரு நீக்கி, மறுபடி பூட்டுகிறார்கள். 1904-ல் திறந்த பாதை அது. 2010-ல் சின்ன ரயில் நின்றது, 2018-ல் அகலப் பாதையில் பெரிய ரயில் ஓடத் தொடங்கியது. இடையில் எடைக்குப் போனதுபோக மிஞ்சியதுதான் கொட்டகையில் கிடக்கிறது.

அங்கே போய்வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எனக்கு எழுதியிருந்தாள்: "நீராவி எஞ்சினின் பாய்லருக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது, புதுத் தண்ணீரை உள்ளே எப்படி ஊற்றுவார்கள்? மூடியைத் திறந்தால் நீராவி வெளியே பாயாதா?"

பாயும். நம் மீட்டர் கேஜ் தடங்களில் ஓடிய ஒய்பி வகை எஞ்சினின் பாய்லர் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோ. அதை எதிர்த்துத் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஆரம்ப கால எஞ்சின்களில் சக்கரத்தோடு சேர்ந்து இயங்கும் பம்ப் இருந்தது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகவே எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மலைப்பாதையில் தண்ணீர் உயிர்ப்பிரச்சினை. ஏற்றத்தில் பாய்லர் நீர் பின்பக்கம் ஒதுங்கி, நெருப்புப் பெட்டியின் தலையை மூடியிருக்கும். கணவாயைத் தாண்டி எஞ்சின் மூக்கைக் கவிழ்த்ததும் நீர் முன்னால் ஓடிவிடும். நெருப்புப் பெட்டியின் உச்சித் தகடு நீர் இல்லாமல் காய்ந்தால் பழுத்துச் சிவந்து இளகிவிடும். பிறகு வெடிப்புதான்.

இதற்கு விடை கண்டவர் ஹென்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர். 1852-ல் நீராவியால் இயங்கும் ஆகாயக் கப்பலில் பாரிஸிலிருந்து பறந்தவர். பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர் என்ற கருவிக்கு 1858-ல் காப்புரிமை பெற்றார். பிஸ்டன் இல்லை, சக்கரம் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வைத்த மூன்று வெண்கலப் புனல்கள்தான். (புனலூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புனலைப் பற்றி எழுதுகிறேன் என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.) பாய்லரிலிருந்து நீராவியை எடுத்து, அதைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. உள்ளே இருப்பதும் 15 கிலோ, தள்ள வருவதும் 15 கிலோ. சமபலம் உள்ள இருவர் கயிறு இழுத்தால் யார் ஜெயிப்பது? தானாக ஓடும் இயந்திரம் போலத் தோன்றுகிறது அல்லவா?

கொட்டகை மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்த்துத் தோற்றார்கள். அந்தத் தோல்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்ஜெக்டரைக் கழற்றிப் புனல்களை எலுமிச்சை உப்பில் ஊறவைத்து, எத்தனையோ ஊர்த் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவைக் கரைத்தார்கள். கொட்டகை வாசலில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டித் தொங்குகிறது. வாசலில் தொங்கியவரை அது ஒரு வேலையும் செய்யவில்லை. அதே புளிப்பு தொட்டிக்குள் இறங்கியதும் ஒரே இரவில் வெண்கலம் பளபளத்துவிட்டது.

நீராவிக்கு எங்கே போவது? பஞ்சர் கடையிலிருந்து காற்று கம்ப்ரசரை உருட்டி வந்து, அழுத்தக் காற்றை உள்ளே விட்டார்கள். தண்ணீரை உறிஞ்சியது, உண்மை. ஆனால் பாய்லர் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை. எல்லாம், மிஞ்சும் நீரை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பீய்ச்சி, சட்டையை நனைத்தது. மூலையில் உட்கார்ந்திருந்த, எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட பழைய ஃபயர்மேன் அண்ணாச்சி சிரித்துவிட்டார். "காற்று செத்தாலும் காற்றுதான் தம்பி. நீராவி செத்தால் தண்ணீர்."

இன்ஜெக்டரின் ரகசியம் முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

பாய்லரில் ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 கிலோ அழுத்தத்தில் குளிர்ந்த நீர் வெளியே பாய்ந்தால், அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 54 மீட்டர். அழுத்தத்தையும் வேகத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். அதே அழுத்தத்தில் முதல் புனல் வழியாக நீராவி விரிந்து பாய்ந்தால்? சுமார் 900 மீட்டர்! நீரிடம் அழுத்தம் மட்டும்தான் இருந்தது. நீராவி, கொதித்தபோது விழுங்கிய வெப்பத்தில் ஒரு பங்கையும் வேகமாக மாற்றிக்கொள்கிறது.

அந்த 900 மீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ நீராவி, இரண்டாவது புனலில் பத்துக் கிலோ குளிர்ந்த நீரோடு மோதுகிறது. மோதிய மாத்திரத்தில் குளிர்ந்து நீராகிறது. ஆயிரத்து எழுநூறு லிட்டர் இடம் பிடித்திருக்கும் நீராவி ஒரே லிட்டராகச் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தில் பிறக்கும் வெற்றிடம்தான் மேலும் தண்ணீரை இழுக்கிறது. ஆனால் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு, அழியாது. 900-ஐப் பதினொன்றால் வகுத்தால், பதினொரு கிலோ நீர்த்தாரை விநாடிக்குச் சுமார் 82 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பாய்லரை எதிர்க்க 54 போதும். மூன்றாவது புனல் மெல்ல அகன்று, வேகத்தைக் குறைத்து அழுத்தமாக்குகிறது. பாய்லர் வால்வு திறந்துகொள்கிறது. கயிறு இழுப்பில் சமபலம் என்று நினைத்தது நம் தவறு.

மூன்றாவது புனலின் குறுகிய வாய், நீராவி நுழைந்த துளையைவிடச் சிறியது. காற்று நீராகிச் சுருங்காது, அதனால் அந்த வாசலில் நெரிசல்பட்டுத் திரும்பிவிட்டது.

இலவசமாக எதுவும் கிடைத்துவிடவில்லை. மோதலில் நீராவியின் இயக்க ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் வெப்பமாகிறது. வேறு எந்த இயந்திரத்திலும் அதை நஷ்டக் கணக்கில் எழுதுவோம். இங்கே அந்த வெப்பம் தண்ணீரோடு சேர்ந்து பாய்லருக்கே திரும்புகிறது! 30 டிகிரியில் நுழைந்த நீர் 80-ஐத் தாண்டிச் சூடாகிப் போகிறது. தண்ணீரில் மூலிகையைப் போட்டால் பெட்ரோல் ஆகும் என்று 1996-ல் சொன்னபோது, அந்த மூலிகை பெட்ரோலுக்குக் கைதட்டிய ஊர் நம்முடையது. இந்த வரவு செலவைப் பத்தாம் வகுப்பிலேயே போடப் பழக்கியிருந்தால் அவ்வளவு தட்டியிருக்க மாட்டோம். அதற்குக் கோடிகள் வேண்டாம். இப்படி நான்கு கொட்டகைகளுக்கு வாடகை கொடுத்தால் போதும்.

தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் நீராவி முழுதாகக் குளிராது, இன்ஜெக்டர் மறுத்துவிடும். அண்ணாச்சி காலத்தில் ஈரச்சாக்கைச் சுற்றிக் குளிரவைப்பார்களாம்.

கடைசியில் நெல் அவிக்கும் ஆலை ஒன்றில் அனுமதி கிடைத்தது. உமி எரியும் பாய்லர், 7 கிலோ அழுத்தம், லைசென்ஸ் உள்ள ஆபரேட்டர் பக்கத்தில். மறுமுனையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, அண்ணாச்சி முதலில் தண்ணீரைத் திறந்தார், பிறகு நீராவியை. ஓவர்ஃப்ளோவில் ஒரு கணம் கொட்டியது. அவர் வால்வை மயிரிழை திருப்பினார். கொட்டுவது நின்று, உள்ளே மெல்லிய ரீங்காரம் எழுந்தது. "பிடித்துவிட்டது" என்றார், கேஜைப் பார்க்காமலே. கேஜ் 9 காட்டியது.

ஆலை முதலாளிக்கு ஜிஃபாரும் தெரியாது, உந்தமும் தெரியாது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதற்குக் கரண்ட் எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கரண்ட் வேண்டாம் என்றதும், மின்தடை வந்தால் நின்றுபோகும் தன் பம்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதைக் கழற்றாமல் இங்கேயே விட்டுவிட்டுப் போக என்ன விலை?"