கோதுமையை நிறுத்தும் முன் ஒரு பயாப்ஸி

“யூடியூப்ல பார்த்துட்டு கோதுமையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு டாக்டர். அரிப்பு கொஞ்சம் பரவாயில்லை. இப்ப டெஸ்ட் எடுக்கலாமா?”

எங்களைப் போன்ற தோல் மருத்துவர்களிடம் இப்போதெல்லாம் அடிக்கடி வரும் கேள்வி இது. எடுக்கலாம். ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே வந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் வேலை, இனி மாதக்கணக்கில் இழுக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் தொடர்பான தோல் நோய்க்கான பரிசோதனைகள் பெரும்பாலும், நோயாளி வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற கணக்கில்தான் செய்யப்படுகின்றன. கோதுமை உள்ளே போவது நின்றால் இரத்தத்தில் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி) குறையத் தொடங்கும். அப்புறம் ரிப்போர்ட்டில் “நெகட்டிவ்” என்று வந்தால் அதற்கு நோய் இல்லை என்று அர்த்தமா, சப்பாத்தி இல்லை என்று அர்த்தமா, யாராலும் சொல்ல முடியாது.

இந்த நோயின் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். 1884இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த லூயி டூரிங் என்ற மருத்துவர் வைத்த பெயர். கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வருவதால் அப்படி வைத்தார். ஹெர்பஸ் வைரஸுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபைலில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடிப் பயந்து போய், வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

முழங்கை, முழங்கால், பிட்டம், கீழ்முதுகு, தலைமுடிக்குள் என்று சில இடங்களை இது விரும்பும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். எரிச்சலும் அரிப்பும் சேர்ந்து, தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சின்ன நீர்க்கொப்புளங்களை மருத்துவர் பார்ப்பதே அபூர்வம். கிளினிக் வாசலை மிதிப்பதற்குள் அவை சொறிந்து உடைந்து, பொருக்கும் கருந்தழும்பும்தான் மிச்சம் இருக்கும். அதனால் புதிதாகக் கிளம்பும் அன்றே ஃபோனில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் அன்றே வாருங்கள். எந்தக் கிரீமையும் தடவாமல் வந்தால் இன்னும் நல்லது.

அரிப்பு என்றதும் நம் ஊரில் முதலில் வருவது சிரங்கு என்ற சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான், சிரங்குதான் இங்கே அதிகம். வீட்டில் எல்லோருக்கும் பெர்மெத்ரின் கிரீம் கொடுப்பார்கள், படுக்கை விரிப்பைச் சுடுநீரில் அலசச் சொல்வார்கள். சிரங்காக இருந்தால் அடங்கிவிடும். ஒழுங்காகத் தடவியும் அடங்கவில்லை, வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை, விரலிடுக்கு சுத்தமாக இருக்கிறது, முழங்கைதான் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்கிறது என்றால் வேறு பக்கம் யோசிக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. அடுத்து எக்ஸிமா என்று ஒரு டியூப், அப்புறம் படர்தாமரை என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு கலவை கிரீம், நடுவில் தூக்கம் வரவைக்கும் அரிப்பு மாத்திரை. இப்படியே வருடங்கள் ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

இதில் நம் பத்தியப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அரிப்பு என்றால் கத்தரிக்காயை நிறுத்து, கருவாட்டை நிறுத்து என்பார்கள். கோதுமையை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதற்கு இங்கே நல்ல பெயர். சர்க்கரை வந்தவர் இரவில் சப்பாத்திக்கு மாறுகிறார், எடை குறைக்க நினைப்பவர் கோதுமை ரவை உப்புமாவுக்கு மாறுகிறார். (கருவாட்டை நிறுத்தினால் கொஞ்சம் குறைகிறது என்று சிலர் சொல்வதை நான் தட்டிக்கழிப்பதில்லை. அயோடின் மிகுந்த கடல் உணவு சிலருக்கு இந்தக் கொப்புளங்களைக் கிளப்பிவிடும். அதற்காக அயோடின் உப்பை யாரும் கைவிட வேண்டாம்.)

உள்ளே நடப்பது இதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் புரதத்துக்கு எதிராகச் சிலருடைய குடல் கிளர்ந்தெழுகிறது. சீலியாக் நோய் என்பது அதுதான். அப்போது உருவாகும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருள்கள் தோலின் மேலடுக்குக்குக் கீழே போய்ப் படிகின்றன. அங்கே வெள்ளணுக்கள் திரள, கொப்புளம் எழுகிறது. ஆக, தோலில் வெளியே தெரியும் சீலியாக் நோய் இது. ஆனால் இவர்களில் பலருக்கு வயிற்றுத் தொந்தரவே இருக்காது. “எனக்கு வயிறு நல்லாத்தானே இருக்கு” என்று சொல்பவரின் சிறுகுடலிலும் பாதிப்பு இருக்கலாம். காரணம் தெரியாத இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

தமிழ்நாட்டில் இது அரிது. உங்கள் முழங்கையில் அரிக்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு விவரம். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். மரபணு நம்மிடமும் இருக்கிறது, கோதுமைதான் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும் பரோட்டாவாகவும் மாறிவிட்ட வீடுகளைப் பார்க்கும்போது, “தெற்கில் இது வராது” என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். முடிவு சொல்வது தோல் பயாப்ஸிதான். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளைத்து எடுப்போம். ஒரு தையல் போதும், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும். ஒன்று புதிய கொப்புளத்திலிருந்து, சாதாரண நுண்ணோக்கிப் பார்வைக்கு. இன்னொன்று கொப்புளத்தை ஒட்டி, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து. இரண்டாவதுதான் முக்கியமானது. டைரக்ட் இம்யூனோஃப்ளூரசன்ஸ், சுருக்கமாக டிஐஎஃப் என்ற சோதனைக்கு அது போகும். அதில் ஐஜிஏ படிவுகள் பச்சையாக, பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் நோய் உறுதி. “நல்ல தோலை ஏன் வெட்டணும்?” என்று கேட்பார்கள். கொப்புளம் எழுந்த இடத்தில் நடக்கும் அழற்சி அந்தப் படிவுகளையே சிதைத்துவிடும். அங்கிருந்து எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரக்கூடும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முதல் துண்டு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போகும். டிஐஎஃப் துண்டு ஃபார்மலினில் விழுந்தால் வீண். அதற்கு மிஷெல் மீடியம் என்ற தனித் திரவம் வேண்டும். லேப் அருகில் இருந்து உடனே சேர்த்துவிடலாம் என்றால் சாதாரண சலைன்கூடப் போதும். சிறிய ஊர்களில் டிஐஎஃப் வசதி இருக்காது, மருத்துவக் கல்லூரிக்கோ பெரிய லேபுக்கோ அனுப்ப வேண்டும். பயாப்ஸிக்கு நாள் குறிக்கும்போதே “டிஐஎஃப்புக்குத் தனியாக ஒன்று எடுப்பீர்களா, எங்கே அனுப்புவீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். எந்த மருத்துவரும் இதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரத்தத்தில் பார்ப்பது டிடிஜி ஐஜிஏ, அதாவது சீலியாக் நோயில் உருவாகும் ஒரு ஐஜிஏ எதிர்ப்பொருள். அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும், அவர்களுக்கு டிடிஜி பொய்யாக நெகட்டிவ் காட்டும். அதோடு, இந்தத் தோல் நோய் உள்ள சிலருக்கு, மொத்த ஐஜிஏ சரியாக இருந்து கோதுமையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் டிடிஜி நெகட்டிவாகவே வரும். எனவே இரத்தம் நெகட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகப் பயாப்ஸியைக் கைவிடக் கூடாது. மறுபக்கம் ஒரு சௌகரியமும் உண்டு. டிஐஎஃப் தெளிவாகப் பாசிட்டிவ் என்றால் சீலியாக் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம், அதை நிரூபிக்க எண்டாஸ்கோப்பி கட்டாயமில்லை.

ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியவர்கள் மனம் தளர வேண்டாம். இரத்த எதிர்ப்பொருள் முன்னதாகவே இறங்கினாலும், தோலில் படிந்த ஐஜிஏ மெதுவாகத்தான் கரையும். பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கிலும் ஆகும். அதனால் பயாப்ஸி இன்னும் பதில் சொல்லக்கூடும். அதுவும் தெளிவில்லை என்றால் மேலே சொன்ன, நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகளைப் பார்க்கும் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 சோதனை இருக்கிறது. நீங்கள் என்ன சாப்பிட்டாலும் இது மாறாது. இரண்டுமே இல்லை என்றால் இந்த நோயை ஏறக்குறைய மறந்துவிடலாம். இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது என்று மேலே பார்த்தோமே. கடைசி வழி, மருத்துவர் சொல்லும் அளவில் சில வாரங்களாவது மறுபடி சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் சோதிப்பது. அரிப்பு திரும்ப வரும் என்று தெரிந்தே சாப்பிடச் சொல்வது எங்களுக்கும் சங்கடம்தான்.

“நூறு உணவு அலர்ஜி டெஸ்ட், தள்ளுபடி விலையில்” என்று விளம்பரம் செய்யும், ஐஜிஜி என்ற வேறொரு வகை எதிர்ப்பொருளை அளக்கும் பேக்கேஜ்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். இந்த நோய் சாதாரண அலர்ஜி வகையே இல்லை. ஊசியால் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனையிலும் இது தெரியாது.

நோய் உறுதியானதும் பெரும்பாலும் கொடுப்பது டாப்சோன், தொழுநோய்க்குப் பல காலமாகப் பயன்படும் அதே மாத்திரை. இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்குவதைப் பார்த்து நோயாளிகள் அசந்துபோவார்கள். அந்த வேகம்தான் ஆபத்தும். “டாப்சோன் கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் அதுதான்” என்று சோதனையே இல்லாமல் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை, வேறு சில தோல் நோய்களும் டாப்சோனுக்கு அடங்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு இது சிவப்பணுக்களை உடைத்துவிடும், எனவே அந்தச் சோதனை முதலில். பிறகு குறித்த இடைவெளியில் இரத்த அணுக்களும் ஈரலும். தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, மஞ்சள் காமாலை எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்புறம், டாப்சோன் தோலைத்தான் அடக்கும், குடலைத் தொடாது. குடலுக்கு மருந்து குளூட்டன் இல்லாத சாப்பாடு மட்டுமே. அந்தச் சாப்பாட்டின் பலன் தோலில் தெரியச் சில மாதங்கள் முதல் இரண்டு வருடம்வரை ஆகலாம், அதுவரை மாத்திரை துணைக்கு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒருமுறை டிடிஜி பார்த்துவிடுவது நல்லது.

சாப்பாட்டில் தமிழர்கள் கொடுத்து வைத்தவர்கள். இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் குளூட்டன் கிடையாது. மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், ரஸ்க் தவிர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். மாட்டிக்கொள்வது மற்றவற்றில்: பார்லி மால்ட் சேர்ந்த ஊட்டச்சத்து பானங்கள், ஹோட்டல் ரவா தோசை, சோயா சாஸ், பீர், கோயில் கேசரி, தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பம். எல்லாவற்றையும்விட, பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், சாம்பார் ரசம் எல்லாவற்றிலும் அது போய்விடும். அரிசி மாவு கலந்த வகையும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். “குளூட்டன் ஃப்ரீ” என்று அச்சிட்ட பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மாலையில் காபியோடு கொறிக்க முறுக்கும் தட்டையும் இருக்கின்றன. அரிசி மாவில் செய்ததுதானே என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், என்ன பெருங்காயம் போட்டார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.