பருப்பு வேகாத ஊரும் ஒரு வெளிர் பியரும்

இலங்கை மலையகத்திலுள்ள நுவரெலியாவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இந்த ஊர்ல பருப்பு ஏன் வேகவே மாட்டேங்குது?" பருப்பின்மேல் குற்றமில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடும், சூடு அதற்கு மேல் ஏறாது.

இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் என் தம்பி, தான் வீட்டில் காய்ச்சும் ப்ளோண்ட் ஏல் பியரின் அளவுகளை அனுப்பி, "அண்ணே, இத அப்படியே நம்ம ஊர்ல காய்ச்சினா இதே ருசி வருமா?" என்று கேட்டான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தப் பருப்புதான்.

அங்கே 1963 முதல் சொந்தத் தேவைக்கு பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. இங்கே மதுவரிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். ஆகவே காய்ச்சுவது அவன் வேலை, கணக்குப் போடுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு வீட்டில் இஞ்சி பியர் போடுவதோடு சரி. அதையும் இரண்டு நாளில் பிரிஜுக்குள் வைத்துவிடுவேன். (வைக்காமல் விட்ட கதை பின்னால் வரும்.)

ப்ளோண்ட் ஏல் என்பது பியர்களில் பிளேன்டீ மாதிரி. வைக்கோல் நிறம் முதல் லேசான பொன் நிறம் வரை இருக்கும், மதுசாரம் 4 முதல் 5 சதவீதம் அளவில், கசப்பு கொஞ்சம்தான். ஸ்டௌட் என்ற கறுப்பு பியரில் வறுத்த தானியத்தின் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். பால் டீயில் பாலும் சீனியும் மட்டமான தூளைக் காப்பாற்றிவிடுவது போலத்தான். பிளேன்டீயில் அந்த வசதி கிடையாது. ப்ளோண்ட் ஏலிலும் கிடையாது. தண்ணீர் சரியில்லை என்றாலும், சூடு இரண்டு பாகை தவறினாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகக் காய்ச்சுகிறவர்களுக்கு இது எளிய பியர் என்று சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். செய்வது எளிது, தப்பை ஒளிப்பது கஷ்டம். செய்முறையில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க நினைக்கிறவனுக்கு இதைவிட நல்ல பியர் இல்லை.

தம்பியின் கணக்கு 20 லீற்றருக்கு: வெளிர் பார்லி மால்ட் 3.8 கிலோ, கோதுமை மால்ட் 200 கிராம், ஹொப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) 28 கிராம், ஈஸ்ட் ஒரு பாக்கெட். அவ்வளவுதான்.

மால்ட் என்றால் வேறொன்றுமில்லை, பயறு முளைகட்டுவதுபோல் பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை நீளும் முன் வெப்பக்காற்றில் உலர்த்தியது. முளைக்கும் விதை தன் மாப்பொருளைச் சீனியாக்கிக்கொள்ள நொதியங்களைத் தயார் செய்கிறது. அந்த நேரம் பார்த்து உலர்த்தினால் நொதியம் அப்படியே உறங்கிக் கிடக்கும். தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. அரைத்த கொழுந்து செம்பு நிறமாகும் வேளையில் டிரையருக்குள் தள்ளி, நடக்கிற வேலையை அங்கேயே நிறுத்துவதும் இதே தந்திரம்தான். ஒரு வித்தியாசம்: மால்ட்டில் நொதியம் பிழைக்கிற மாதிரி மெல்ல உலர்த்த வேண்டும், தேயிலையில் அதைக் கொன்றே ஆக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெக்டரியில் நாம் 'பெர்மென்டிங்' என்று சொல்லும் வேலையில் ஈஸ்ட்டும் இல்லை, புளிப்பும் இல்லை. அது இலையின் நொதியமும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்து செய்யும் ஒட்சியேற்றம்.

உடைத்த மால்ட்டை 66 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறான் தம்பி. உறங்கிய நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 60 முதல் 65 பாகை வரை சுறுசுறுப்பாக இருந்து, மாப்பொருள் சங்கிலியின் நுனியிலிருந்து ஈஸ்ட் தின்னக்கூடிய சிறு சீனிகளை வெட்டிப்போடும். மற்றது 70 பாகையை ஒட்டி வேலை செய்யும், சங்கிலியை நடுவில் கண்டபடி வெட்டும். அதில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகள் மிஞ்சும். 64-இல் ஊறவைத்தால் பியர் நீர்த்து, வறண்ட ருசியாக முடியும். 69-இல் வைத்தால் வாயில் கொஞ்சம் கனமாக நிற்கும். மால்ட் அதேதான், தண்ணீர் அதேதான். இந்த வெப்பநிலைகள் எல்லாம் கொதிநிலைக்கு எவ்வளவோ கீழே இருப்பதால் இதுவரை நுவரெலியாவுக்கும் லெஸ்டருக்கும் வித்தியாசமே இல்லை.

அடுத்த கட்டத்தில்தான் மலை குறுக்கே வருகிறது. வடித்த சாற்றை ஹொப்ஸ் பூக்களோடு கொதிக்கவிட வேண்டும். பூவிலுள்ள அல்பா அமிலம் அப்படியே கசக்காது, சரியாகக் கரையவும் செய்யாது. நல்ல சூட்டில் அதன் மூலக்கூறு வடிவம் மாறினால்தான் கசப்பு சாற்றில் இறங்கும். 94 பாகையில் அந்த மாற்றம் 100 பாகையில் நடப்பதைப்போல ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில்தான் நடக்கும். பருப்பின் கதையேதான். ஒரு மணி நேரக் கொதியில் அதே கசப்பு வேண்டுமென்றால் 28 கிராம் ஹொப்ஸ் இங்கே 40 கிராமுக்கு மேல் ஆக வேண்டும். இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் கொதிக்கவிட வேண்டும். அப்போது தண்ணீர் வற்றுவதற்கும் கணக்கு வைக்க வேண்டும்.

கொதியில் இழப்பதை மலை வேறு இடத்தில் திருப்பித் தந்துவிடுகிறது. சாறு ஆறியதும் ஈஸ்ட் போடுவார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, அதே உயிர்தான். சீனியைத் தின்று, நிறைக் கணக்கில் கிட்டத்தட்டச் சரிபாதியாக மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்கிவிடும். தம்பி வாங்கும் வகைக்கு 18 முதல் 20 பாகை தோதானது. அவன் வீட்டுக்கு நான் போயிருந்தபோது ஒரு கோடை வாரம் அடித்த வெயிலில் சமையலறையே 27 பாகைக்குப் போய்விட்டது. ஈஸ்ட் போட்ட வாளியை அங்கேயே வைத்திருந்தோம். மூடியைத் திறந்தால் கதலி வாழைப்பழ வாசம், குடித்தால் தொண்டையில் ஒரு காட்டம். சூடு கூடினால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் பெருகும். அந்த அவசரத்தில் வாழைப்பழ வாசம் தரும் எஸ்டர்களையும், காரமான கன மதுசாரங்களையும் சேர்த்துக் கக்கிவிடும். கறுப்பு பியராக இருந்தால் சமாளித்துக் குடித்திருப்போம். இதை முற்றத்தில் கொட்டினோம்.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். பொங்கும்போது ஈஸ்ட் தானே இரண்டு மூன்று பாகை சூடு கூட்டிக்கொள்ளும். அதாவது வாளியை ஒரு மூலையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதும், பிரிஜும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849-இல் நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கியதும், 1881-இல் அங்கே பெரிய காய்ச்சுசாலை எழுந்ததும், செயற்கைக் குளிரூட்டல் பரவாத அந்தக் காலத்தில் தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பின்னாளில் அந்தத் தொழிற்சாலை கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு இறங்கிப் போனது. இயந்திரம் குளிரைக் கொடுக்கும்போது மலை எதற்கு?

தண்ணீரும் நம் பக்கம். மலையகத்தின் பழம்பாறையில் சுண்ணாம்பு குறைவு, ஊற்றுநீர் மென்மையாக இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரில் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் வெளிர் மால்ட்டை ஊறவைத்தால் கலவையின் அமிலத்தன்மை போதாமல் கசப்பு முரடாகத் தெரியும்.

போத்தலில் அடைக்கும்போது லீற்றருக்கு 6 கிராம் சீனி சேர்ப்பார்கள். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று சுமார் 3 கிராம் காபனீரொட்சைட்டு தரும், அது ஒன்றரை லீற்றர் வாயு. ஏற்கெனவே கரைந்திருப்பதையும் சேர்த்தால் ஒரு லீற்றர் பியருக்குள் இரண்டரை லீற்றர் அளவு வாயு அடைபட்டுக் கிடக்கும். இந்தக் கணக்கின் அருமை எனக்குத் தெரிந்தது என் இஞ்சி பியரில்தான். இனிப்பு நிறைய மிச்சமிருந்த இரண்டு கண்ணாடிப் போத்தல்களைக் கொழும்பிலுள்ள சித்தி வீட்டுக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். மலைக்குளிரில் அரைத்தூக்கத்தில் இருந்த ஈஸ்ட் 30 பாகை வெயிலில் விழித்துக்கொண்டது. மறுநாள் விடிகாலை ஒன்று வெடித்து, சித்தியின் மிளகாய்த்தூள் டப்பாவரை கண்ணாடித்தூள். அப்போதிலிருந்து பிளாஸ்டிக் சோடாப் போத்தல்தான். விரலால் அமுக்கிப் பார்த்துக் கல்லுப்போல் இருந்தால் நேரே பிரிஜுக்குள்.

சரி, புதுச் செய்முறைகளுக்கு வருவோம். தம்பிக்கு ஆசை அதிகம். ஒரே தடவையில் தேன், கறுவா, தோடம்பழத்தோல் என்று போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதால நல்லா இருக்குன்னு தெரியல" என்பான். தேயிலை ருசி பார்ப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், எல்லாக் கோப்பைக்கும் ஒரே மாதிரி. தூள் மட்டும்தான் மாறும். அவனும் இப்போது 20 லீற்றரை நான்கு ஜாடியில் பிரித்து, ஒன்றை ஒன்றும் செய்யாமல் வைக்கிறான். பிறகு மனைவியை மூன்று கிளாசில் ஊற்றித் தரச் சொல்கிறான். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகும் என்பதால் ஒருமுறை சரியாகச் சொன்னதைக் கணக்கில் எடுப்பதில்லை. தேன் போட்ட ஜாடியை அவனால் ஆறு தடவையில் இரண்டு தடவைதான் கண்டுபிடிக்க முடிந்தது. தேனின் சீனியை ஈஸ்ட் அநேகமாக முழுதும் தின்றுவிடும், வாசமும் பொங்குகிற வாயுவோடு பெரும்பாலும் போய்விடும். அவனுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை.

போன மாதம் இங்கிருந்து நான் அனுப்பிய தேயிலைத் தூளை ஒரு ஜாடிக்குப் பயன்படுத்தினான். கொதிக்கவைத்தால் துவர்ப்பு இறங்கிவிடும் என்பதால் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, பொங்கி அடங்கிய பியரில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு படம் அனுப்பினான். பிரிஜிலிருந்து எடுத்த கிளாஸ், கஞ்சித்தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தது. "கெட்டுப்போச்சு போல, கொட்டிறவா?" நல்ல சாயமுள்ள பிளேன்டீ ஆறினால் கலங்குமே, அது ஞாபகம் வந்தது. பியரிலும் அதே மாதிரிதான், சேர்கிற பொருள்களின் ஜோடிதான் வேறு. தேயிலையின் பொலிபீனோல்கள் மால்ட்டின் புரதங்களோடு குளிரில் லேசாகக் கைகோத்துக்கொள்ளும், சூடு கண்டால் விட்டுவிடும். "கொட்டாதே, கிளாசை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டு இரு" என்றேன். கால் மணி நேரத்தில் அடுத்த படம் வந்தது. கிளாசுக்குப் பின்னால் அவன் வீட்டுக் கலண்டரின் தேதிகள் தெளிவாகத் தெரிந்தன.