ஐம்பதைத் தாண்டிய ஆண்களும் டெஸ்டோஸ்டீரான் ஊசியும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் 54 வயதுக்காரர் ஒருவர், மாலை ஆறு மணிக்கு எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளுடன் என்னிடம் வந்தார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரான் ஒரு டெசிலிட்டருக்கு 270 நானோகிராம் என்று அதில் இருந்தது. "மூட்டையத் தூக்குனா கை நடுங்குதுங்க டாக்டர், ஊசி போட்டுரலாங்களா?" என்று கேட்டார்.

இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாயக் குறையும். உணவு உண்டாலும் சற்று இறங்கும். ஆகவே காலை ஏழு முதல் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்களில் சோதித்த பிறகே குறைவு என்று சொல்ல முடியும். அவருக்கு அவ்வாறு சோதித்தபோது இரண்டு முறையும் 380-ஐ ஒட்டியே வந்தது. அந்த வயதுக்கு அது இயல்பான அளவு.

அப்படியானால் கை ஏன் நடுங்கியது? நடுவயதிலிருந்து டெஸ்டோஸ்டீரான் சராசரியாக ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவில் குறைகிறது என்பது உண்மை. ஆனால் முப்பது வயதுக்குப் பிறகு, உழைக்காத உடலில் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசையும் கரைகிறது. தசையைவிட வேகமாக வலிமை இறங்குகிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதால், தசையின் குறையையும் ஹார்மோன் மீதே சுமத்திவிடுகிறோம்.

அவருடைய சாப்பாட்டைக் கேட்டேன். காலையில் இட்லி, மதியம் சோறும் குழம்பும், மாலையில் தட்டுவடை செட், இரவில் தோசை, பருப்பு பேருக்குத்தான். 65 கிலோ எடை இருக்க வேண்டிய அவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் கொள்ளில் இருபதுக்கு மேல் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பெருமளவில் தயாராகும் ஜவ்வரிசியில் அநேகமாக ஒன்றுமே இல்லை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் கொள்ளுப் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்து உண்பது நல்லது.

ஏற்காட்டு மலைக்கிராமங்களில் அறுபது வயதிலும் திடமாக இருப்பவர்களைக் காட்டி, எல்லாம் சாமைச்சோற்றின் வலு என்று என்னிடம் பலர் சொல்வார்கள். சாமை நல்ல தானியம்தான். ஆயினும் சுமையோடு நாள்தோறும் மேடேறி இறங்கும் அந்தக் கால்களின் உழைப்புக்கே அதில் பெரும்பங்கு என்று நான் கருதுகிறேன். பட்டறையில் நாளெல்லாம் குனிந்து அமர்ந்திருப்பவர், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது எடை தூக்குவதையோ நாற்காலியிலிருந்து கைபிடிக்காமல் எழுந்து அமர்வதையோ பயிற்சியாகச் செய்யாமல், உணவால் மட்டும் தசையை மீட்க இயலாது.

டெஸ்டோஸ்டீரான் குறைவதற்குத் தொந்தியும் ஒரு காரணம். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டீரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பருமனும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் டெஸ்டோஸ்டீரான் குறைந்து காணப்படுவது வழக்கம். எடை குறைந்தால் பலருக்கு அது தானாகவே ஏறுகிறது.

தேவையின்றி ஊசி போட்டால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திக்கொள்வதால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று இதைப் போட்டுக்கொள்வதைப் பார்க்கையில் எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

இரு காலைச் சோதனைகளிலும் அளவு குறைந்து, பாலுணர்வுக் குறைவு போன்ற அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை உண்மையிலேயே பயன் தரும். அவர்களும் தொடங்கிய 3 முதல் 6 மாதத்திற்குள் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்ரிட் சோதனை செய்துகொள்ள வேண்டும்; அது 54 விழுக்காட்டைத் தாண்டினால், இறங்கும்வரை ஊசியை நிறுத்திவைக்க வேண்டும்.