மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் வேலை செய்யாதாம்!

மெடிக்கல் காலேஜ் பிஜி பசங்களுக்கு தீசிஸ் சப்மிஷன் நெருங்கற மாசம்னா என் போன் ஓயாது. நான் மும்பைல பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாக்கற ஆளு, மாஸ்டர் சார்ட்ட (பேஷன்ட்ஸ் விவரம் பூரா போட்ட டேபிள்) தூக்கிட்டு வர்றவங்களுக்கு அனாலிசிஸ் சொல்லித் தர்றது பொழப்பு. வர்ற போன்ல பாதி இதுதான்: "மேடம், பி-வேல்யூ 0.06 வந்திருக்கு, கொஞ்சம் பாத்து 0.05க்குள்ள கொண்டு வந்துடலாமா?" தாதர் மார்க்கெட்ல வெண்டைக்காய்க்கு பேரம் பேசற அதே குரல். (சும்மா குருட்டாம்போக்குலயே இப்படி ஒரு ரிசல்ட் வர எவ்ளோ வாய்ப்புங்கறதுதான் பி-வேல்யூ, 0.05க்குள்ள இருந்தாதான் மதிப்புன்னு ஒரு வழக்கம்.) கோவம் வராது எனக்கு. அந்த நம்பர் என்ன சொல்லுதுன்னே தெரியாதவங்களுக்கு அத குறைக்கச் சொல்றத தவிர வேற என்ன தோணும்?

இவங்க யாரும் மக்கு கிடையாது. நீட் பிஜி தாண்டி வந்தவங்க, ராத்திரி பூரா கேஷுவால்டில நின்னுட்டு காலைல ரவுண்ட்ஸ் போறவங்க, ஆனா ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு (நம்பரெல்லாம் சராசரில இருந்து எவ்ளோ சிதறியிருக்குங்கற அளவு) ஒரு வார்த்தை சொல்லுங்க, முகம் அப்படியே இறுகிடும். எம்பிபிஎஸ்ல ரெண்டு சாப்டர் மனப்பாடம் பண்ணி எழுதினதோட சரி. இப்ப பிஜி சேர்றவங்க எல்லாரும் முடிச்சே ஆகணும்னு ஒரு ஆன்லைன் ரிசர்ச் கோர்ஸ் இருக்கு, நம்ம சென்னை அயப்பாக்கத்துல இருக்கற ஐசிஎம்ஆர்-என்ஐஇங்கற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தறது, நல்ல கோர்ஸ்தான், ஆனா வீடியோவ ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட விட்டுட்டு சர்டிஃபிகேட்டோட வந்து நிக்கறவங்கள நான் நிறைய பாக்கறேன். பயம் அப்படியேதான் இருக்கு.

அதனால என் க்ளாஸ்ல சிரிக்க வைக்காம எதையும் ஆரம்பிக்கறதில்ல. சிரிக்க வைக்கறதுன்னா நாலு ஸ்லைடுக்கு நடுவுல ஒரு வடிவேலு மீம் போடறது இல்ல, அது எல்லாரும் பண்றாங்க, மீம் ஞாபகம் இருக்கும், பாடம் இருக்காது. ஜோக்கோட முடிச்சும் பாடத்தோட முடிச்சும் ஒரே எடத்துல இருக்கணும், அதாவது அந்த ஜோக்குக்கு ஒருத்தர் சிரிச்சுட்டார்னாலே அவருக்கு கான்செப்ட் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அவ்னர் ஸிவ்னு இஸ்ரேல் சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் இத ஸ்டாட்டிஸ்டிக்ஸ் க்ளாஸ்லயே சோதிச்சுப் பாத்து 1988ல எழுதினார், ஒரு குரூப்புக்கு பாடத்தோட ஒட்டின நகைச்சுவை, இன்னொரு குரூப்புக்கு வெறும் பாடம், செமஸ்டர் கடைசி பரீட்சைல சிரிச்ச குரூப்தான் ஜாஸ்தி மார்க். 'பாடத்தோட ஒட்டின'ங்கறத மட்டும் அடிக்கோடு போட்டுக்கங்க.

என்ன மாதிரின்னு கேட்டா, மாட்டுங்கால ஒரு ஞாயித்துக்கெழம நம்ம தமிழ் ஆளுங்களுக்காக எடுத்த செஷன சொல்றேன். நாலஞ்சு பிஜி பசங்க, அவங்க வீட்டுப் பெரியவங்க, எல்லாம் கலந்த கூட்டம். பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆன ஒரு மாமா காபி டயத்துல ஆரம்பிச்சார், "ஏம்மா, டிகாக்ஷன் விட்டு அதுமேல பால் விட்டாதான் காபி, பால விட்டு மேல டிகாக்ஷன விட்டா அது வேற வஸ்து, ஒரு வாய் குடிச்சா சொல்லிடுவேன் நான்". விடுவேனா? எனக்கு இது அல்வா மாதிரி, ஏன்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சரித்திரத்துல இருக்கற ரொம்ப பிரபலமான எக்ஸ்பெரிமென்ட் இதே வம்புதான். 1920கள்ல இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல மூரியல் பிரிஸ்டல்னு ஒரு அம்மா, பாசி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, கப்ல பால் முதல்ல விட்டதா டீ முதல்ல விட்டதான்னு குடிச்சே சொல்லிடுவேன்னாங்க, பக்கத்துல இருந்த ஸ்டாட்டிஸ்டிஷியன் ரொனால்ட் ஃபிஷர் அதையே ஒரு டெஸ்ட்டா கட்டி 1935ல புத்தகத்துல எழுதிட்டார். நல் ஹைப்பாதிசிஸ், அதாவது 'வித்தியாசமே இல்ல, எல்லாம் குருட்டாம்போக்கு'ன்னு முதல்ல வச்சுக்கற அனுமானம், அந்தப் பேரே அதுலதான் வந்தது.

நாங்களும் அதே மாதிரி 8 கப். 4 டிகாக்ஷன் முதல்ல, 4 பால் முதல்ல. எந்த வரிசைல குடுக்கறதுன்னு சீட்டு குலுக்கிப் போட்டோம், அது ராண்டமைசேஷன். மாமி சமையக்கட்டுல நின்னு கலந்து அவங்களே கொண்டு வந்து குடுக்கறேன்னாங்க, உடனே அவங்க பொண்ணு, அனஸ்தீசியா ரெசிடென்ட், "அம்மா நீ வெளிய வராத, உன் மூஞ்சிய பாத்தே அப்பா கண்டுபிடிச்சிடுவார்"ன்னா. கூட்டமே சிரிச்சது. அந்தப் பொண்ணு அவளுக்கே தெரியாம டபுள் ப்ளைண்டிங் (குடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் எது எதுன்னு தெரியாம வைக்கறது) எதுக்குன்னு சொல்லிட்டா, நான் போர்டுல எழுதி வச்சிருந்த டெஃபினிஷன அழிச்சிட்டேன்.

மாமா கண்ண மூடி ருசிச்சு ருசிச்சு குடிச்சார். 8ல 6 சரி. "75 பர்சன்ட்! டிஸ்டிங்ஷன்!"னு எழுந்து நின்னுட்டார். இப்பதான் பி-வேல்யூ வருது. 8 கப்ல எந்த 4 டிகாக்ஷன் முதல்லன்னு தேர்ந்தெடுக்க மொத்தம் 70 வழி இருக்கு. சும்மா குருட்டாம்போக்குல சொன்னாலும் எட்டும் சரியா வர்ற வழி 1, ஆறு சரியா வர்றது 16. ஆக ஆறோ அதுக்கு மேலயோ வர 17/70, அதாவது 0.24. நாக்கே இல்லாத ஆளு கூட நாலு தடவைக்கு ஒரு தடவை இந்த டிஸ்டிங்ஷன வாங்கிடுவான்னு சொன்னதும் மாமா முகம் தொங்கிடுச்சு. எட்டும் சரியா சொல்லியிருந்தா 1/70, 0.014, அப்ப நானே மாமா கால்ல விழுந்திருப்பேன். "அப்ப எனக்கு தெரியாதுங்கறியா?"ன்னார். "இல்ல மாமா, உங்களுக்கு தெரியாதுன்னும் நிரூபணம் ஆகல, இந்த 8 கப்ப வச்சு எதுவும் சொல்ல முடியல, அவ்ளோதான்"ன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அப்ப கப்ப ஜாஸ்தி பண்ணு"ன்னார் பாருங்க! சாம்பிள் சைஸ்! முப்பது போதுமா மேடம்னு கேக்கற பசங்களுக்கு நான் மூணு க்ளாஸ் எடுத்தும் ஏறாத விஷயம், தன் மானத்த காப்பாத்திக்க மாமா அரை நிமிஷத்துல பிடிச்சிட்டார். பி-வேல்யூ 0.05க்கு மேல போனா 'எஃபெக்ட் இல்ல'ன்னு தீசிஸ்ல எழுதறவங்க இந்த மாமாகிட்ட ஒரு காபி குடிச்சுட்டு போங்க.

சராசரிக்கு நான் ரொம்ப மெனக்கெடறதில்ல. ஒரு கோடீஸ்வரர் ஹோட்டலுக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரோட சராசரி வருமானமும் கோடி ஆயிடுச்சுங்கற ஜோக் தேஞ்சு போச்சு. மும்பைக்காரங்களுக்கு 2005 ஜூலை 26 போதும். அன்னிக்கு சான்டாக்ரூஸ்ல 944 மி.மீ. மழை, கொலாபால 73. ரெண்டையும் கூட்டி வகுத்தா மும்பைல சராசரியா 508 மி.மீ. பெஞ்சதுன்னு வரும், அந்த 508 பெஞ்ச எடத்த யாராவது காட்டுங்க பாப்போம். சராசரி மட்டும் போட்டு ஸ்டாண்டர்ட் டீவியேஷன விட்டுட்டு வர்றவங்கள நான் கொலாபாக்காரங்கன்னுதான் கூப்பிடறது.

லோக்கல் ட்ரெய்ன்ல இன்னும் நல்ல சரக்கு இருக்கு. ரயில்வேகாரங்கள கேட்டா ஒரு வண்டிக்கு சராசரி கூட்டம் இவ்ளோதான்னு ஒரு நம்பர் சொல்வாங்க, நாம யாராவது ஒத்துக்குவோமா? கணக்குக்காக ரெண்டே ரெண்டு வண்டின்னு வச்சுக்கங்க, காலைல 9 மணி வண்டில 4,000 பேர், மத்தியானம் 2 மணி வண்டில 400 பேர். வண்டிய கேட்டா சராசரி 2,200. பயணிங்கள கேட்டா 4,400 பேர்ல 4,000 பேர் 'என் வண்டில 4,000'ம்பாங்க, சராசரி 3,670 கிட்ட போயிடும். ஒருத்தரும் பொய் சொல்லல. காலியா போற வண்டிக்கு சாட்சி சொல்ல ஆளில்ல, அவ்ளோதான். இதுக்கு சிரிச்சவங்கள நிறுத்தி வச்சு அடுத்த கேள்வி கேப்பேன்: ஒரு நாள் வார்டுக்குள்ள போய் படுக்கைல இருக்கறவங்க எல்லாரும் மொத்தம் எத்தன நாள் தங்கினாங்கன்னு குறிச்சு ஆவரேஜ் ஸ்டே போட்டீங்களே, அதுல என்ன தப்பு? ஒரு நாள்ல டிஸ்சார்ஜ் ஆனவங்க உங்க கண்ணுல படறதுக்கே வாய்ப்பு கம்மி, மாசக்கணக்கா கிடக்கறவங்க எப்ப போனாலும் இருப்பாங்க. அவங்கதான் 9 மணி வண்டி. முன்னாடி பெஞ்ச்ல இருந்து "ஐயோ, என் தீசிஸ்"னு ஒரு சத்தம் வரும், கட்டாயம் வரும்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். ஹார்ட் அட்டாக்ல ஆஸ்பிரின் உயிர காப்பாத்தும்னு நிலைநாட்டின பெரிய ட்ரையல் ஐசிஸ்-2, 1988ல லான்செட் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது, 17,187 பேஷன்ட்ஸ். ஆஸ்பிரினால சாவு அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சது. சரி, வயசுவாரியா, அது வாரியா, இது வாரியான்னு பிரிச்சு பிரிச்சு காட்டுங்கன்னு கேட்டா என்ன ஆகும்னு காட்ட, அந்த ஆராய்ச்சியாளர்கள் வேணும்னே பேஷன்ட்ஸ ராசிவாரியா பிரிச்சுப் போட்டாங்க. மிதுனம், துலாம் ரெண்டு ராசிக்கும் ஆஸ்பிரினால பலன் இல்ல, லேசா கெடுதல் மாதிரி கூட வந்தது! மத்த ராசிய மொத்தமா சேத்துப் பாத்தா அமோகம். நிறைய துண்டா வெட்டினா ஏதாவது ஒரு துண்டுல தற்செயலாவே இப்படி ஒண்ணு வரும். (அவங்க ராசி பிறந்த தேதிய வச்சு, நம்மளது சந்திரன வச்சு, அந்த சண்டைய இங்க ஆரம்பிக்காதீங்க.) இத சொன்னதும் நம்ம க்ளாஸ்ல சிரிப்பு வேற க்ளாஸ விட ஜாஸ்தியா வரும், ஏன்னா எல்லார் வீட்லயும் ஒரு துலா ராசி இருக்கு. மொத்த ட்ரையல்ல எஃபெக்ட் வரலைன்னதும் ஆம்பள தனியா பொம்பள தனியா, நாப்பது வயசுக்கு மேல கீழ, சுகர் இருக்கறவங்க இல்லாதவங்கன்னு வெட்டி வெட்டிப் பாத்து ஒரு துண்டுல 0.04 வந்ததும் துள்ளிக் குதிக்கறவங்ககிட்ட நான் இப்பல்லாம் லெக்சர் குடுக்கறதில்ல. "துலாமா, மிதுனமா?"ன்னு மட்டும் கேப்பேன். புரிஞ்சிடும்.

இதே ஜாதிதான் செத்த மீனும். அமெரிக்காவுல க்ரெய்க் பென்னட்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன எம்ஆர்ஐ ஸ்கேனர்ல வச்சு, மனுஷங்க போட்டோவ காட்டி, இவங்களுக்கு என்ன உணர்ச்சின்னு கேட்டு, மூளைல ஆக்டிவிட்டி கண்டுபிடிச்சாங்க. ஆயிரக்கணக்கான புள்ளிகள தனித்தனியா டெஸ்ட் பண்ணிட்டு அதுக்கான கரெக்ஷன் போடலைன்னா செத்த மீனும் யோசிக்கும். 2009ல மாநாட்டுல போஸ்டர், 2012ல இக் நோபல் (சிரிக்க வச்சு யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கு குடுக்கற கேலிப் பரிசு).

எப்படி செஞ்சாங்கன்னு சொல்ற மெத்தட்ஸ் செக்ஷன படிக்காம முதல்ல வர்ற சுருக்கம், அதான் அப்ஸ்ட்ராக்ட், அதோட நிறுத்தறவங்களுக்கு 2018ல பிஎம்ஜேங்கற மெடிக்கல் ஜர்னலோட கிறிஸ்துமஸ் இதழ்ல வந்த பாராசூட் ட்ரையல். விமானத்துல இருந்து குதிக்க 23 பேர், பாதிக்கு பாராசூட், பாதிக்கு வெறும் பை, முடிவு: சாவுலயும் காயத்துலயும் வித்தியாசமே இல்ல. முழுசா படிச்சாதான் தெரியும், விமானம் தரைல நின்னுட்டு இருந்தது, குதிச்ச உயரம் 0.6 மீட்டர். ஜர்னல் க்ளப்ல (எல்லாரும் உக்காந்து ஒரு பேப்பர அலசற கூட்டம்) இத முதல் பேப்பரா வைங்க, அப்புறம் பாருங்க, பசங்க எல்லா பேப்பர்லயும் 'விமானம் பறந்துச்சா?'ன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க.

எல்லா எடத்துலயும் ஜோக் உதவாது, அதையும் சொல்லணும். 'இது கூடவா தெரியல'ன்னு மாணவன வச்சு காமெடி பண்ற வாத்தியார்கள் இருக்காங்க, அவங்க க்ளாஸ்ல சிரிப்பு கேக்கும், கேள்வி கேக்காது. மார்ட்டாலிட்டி டேட்டா போர்டுல இருக்கறப்ப நான் வாயத் திறக்க மாட்டேன், அந்த ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர். இன்னொன்னு கொஞ்சம் சிக்கலானது. சாக்லேட் நிறைய சாப்பிடற நாட்டுக்கு நோபல் பரிசு ஜாஸ்தின்னு 2012ல ஒரு ஜர்னல்ல வந்த கிராஃப எல்லாரும் காட்டறாங்க, நானும் காட்டறேன், கோரிலேஷன் (ரெண்டு விஷயம் சேந்தே ஏறி இறங்கறது) வேற காரணம் வேறன்னு பளிச்னு ஏறும். ஆனா அத மட்டும் கேட்டுட்டு போறவன் அடுத்த நாள்ல இருந்து எந்த ஆராய்ச்சிய காட்டினாலும் 'அட, சாக்லேட்டு நோபல் கதை'ன்னு உதறிடறான். அவன மட்டும் சொல்வானேன், டீ கப்ப வச்சு உலகத்துக்கே பாடம் எடுத்த அதே ஃபிஷர், சிகரெட்டும் நுரையீரல் கேன்சரும் வெறும் கோரிலேஷன், பரம்பரைல இருக்கற ஏதோ ஒண்ணு ரெண்டுக்கும் காரணமா இருக்கலாம்னு 1950கள் கடைசில வாதாடினார். அவர் பைப் பிடிக்கற ஆளு, புகையிலை கம்பெனிகள் வச்சிருந்த கமிட்டிக்கு ஆலோசகர் வேற. அதனால சாக்லேட்ட காட்டின அன்னிக்கே நிஜமாவே காரணமா இருக்கற கோரிலேஷனும் உண்டுன்னு புரியறதுக்கு, டால், ஹில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1950ல லண்டன் ஆஸ்பத்திரிகள்ல எடுத்த சிகரெட்-கேன்சர் கணக்கையும் காட்டிடணும், அடுத்த வாரம்னு தள்ளினா தள்ளினதுதான்.

அதே ஃபிஷர் 1938ல கல்கத்தாவுக்கு வந்து இந்திய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாநாட்டுல பேசறப்ப ஒண்ணு சொன்னார், எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சப்புறம் ஸ்டாட்டிஸ்டிஷியன கூப்பிடறது போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்ற மாதிரி, எதுல செத்துச்சுன்னு வேணா சொல்லலாம்னு. என்கிட்ட சப்மிஷனுக்கு பத்து நாள் முன்னாடி வர்றவங்க பூரா போஸ்ட்மார்ட்டம் கேஸ்தான். சினாப்சிஸ், அதான் தீசிஸ் திட்டம், எழுதறப்பவே, எதிக்ஸ் கமிட்டிக்கு போறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போங்க. வர்றப்ப உங்க கேள்விய ஒரே வரில எழுதிட்டு வாங்க, எது முக்கியமான அவுட்கம், அதாவது கடைசில அளக்கப் போற விஷயம்னு ஒண்ணே ஒண்ண முடிவு பண்ணிட்டு வாங்க. மாஸ்டர் சார்ட்ல ஆண்ங்கறத ஒரு எடத்துல 'எம்', ஒரு எடத்துல 'மேல்', ஒரு எடத்துல 1ன்னு போடாதீங்க, பிபிக்கு 120/80ன்னு ஒரே கட்டத்துல அடைக்காம ரெண்டு கட்டமா பிரிங்க, ஹீமோகுளோபின் கட்டத்துல நம்பர் போடாம 'நார்மல்'னு எழுதிட்டு வந்தீங்கன்னா உங்களுக்கு காபி கிடையாது.