பாட்டு எண் தாண்டுகிறதா, பக்க எண் தாண்டுகிறதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான சிருங்கார பக்தி நூல் கைக்கு வந்தால் முதல் வேலை படிப்பதல்ல, எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று எண்ணுவது. ராதை-கண்ணன் காதலை ஜெயதேவர் வடமொழியில் பாடிய கீத கோவிந்தம் என்றால் 12 சர்க்கம் (பகுதி), 24 அஷ்டபதி (இசைப்பாட்டு). பஜனை மடத்தில் பாடுகிறவர்களுக்கு மனப்பாடம். எட்வின் ஆர்னால்டு 1875இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது கடைசி சர்க்கத்தையே விட்டுவிட்டார். ராதையும் கண்ணனும் கூடுகிற இடம் அதுதான். 23, 24ஆம் அஷ்டபதிகளும் அதோடு போயின. ரிக் வேதத்தை மொழிபெயர்த்த கிரிஃபித், லோபாமுத்திரை அகத்தியரைச் சேரும் மந்திரத்தை (1.179.4) ஆங்கிலத்தில் எழுதக் கூசி லத்தீனில் எழுதினார். லத்தீன் படித்தவர்கள் கெட்டுப்போக மாட்டார்கள் போலும்.

இங்கே சட்டமும் அந்தக் கூச்சத்தோடுதான் வந்தது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் ஆபாச நூலுக்கு 292ஆம் பிரிவு. எது ஆபாசம் என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றத்தின் 1868 ஹிக்ளின் தீர்ப்பு அளவுகோலாக நின்றது: பலவீனமான மனதுள்ளவர் கையில் கிடைத்தால் கெடுக்குமா? அப்படிப் பார்த்தால் முழு நூலின் நோக்கத்துக்கு இடமே இல்லை, நாலு வரி போதும். கோயிலிலும் தேரிலும் உள்ள சிற்பத்துக்கு மட்டும் 1856 சட்டத்திலேயே விலக்கு இருந்தது. அதே காட்சி தேரில் இருந்தால் சாமி காரியம், தாளில் இருந்தால் போலீஸ் காரியம்.

ராதிகா சாந்த்வனம் இதில் சிக்கிய நூல். தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி தெலுங்கில் பாடியது. நான்கு பகுதி, 584 பாடல். தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்து, முதலிரவுக்கு இருவருக்கும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் ராதை, பிறகு பிரிவில் வேகிறாள். கண்ணன் வந்து தணிக்கிறான். திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இதே முத்துப்பழனிதான். 1887இல் பைடிபாட்டி வேங்கடநரசு பதிப்பித்தபோது சில பாடல்களோடு, பாட்டி வழியாகத் தன் மரபைக் கவி சொல்லும் முன்பகுதியும் காணாமற்போனது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு ஏட்டைத் தேடிப் பிடித்து, சென்னை வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு பதிப்பகம் வழியாக 1910இல் வெளியிட்டார். இந்த நூலைத் தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் வசைபாடியதற்கு, கூச்சம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று கேட்டார். 1911இல் போலீஸ் படிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்கியது 1947இல், சென்னை மாகாணத்தில் பிரகாசம் ஆட்சியில்.

தடைக்கு 24 ஆண்டு முன்பே கத்தரி போட்டவர் பதிப்பாசிரியர் என்பதைக் கவனியுங்கள். அதனால் சூடான பாடல்கள் இருக்கின்றனவா என்று மட்டும் தேடுவது பிழை. முதலில் பார்க்க வேண்டியது பாயிரமும், ஒவ்வொரு பகுதி முடிவிலும் கவி தன் பேரும் குலமும் சொல்லும் உரைநடையும்.

அடுத்து எண்கள். பக்க எண் ஒழுங்காக ஓடி, பாட்டு எண் 41இலிருந்து 44க்குத் தாவினால் அது பதிப்பாசிரியர் வேலை. பக்க எண் 46இலிருந்து 49க்குத் தாவினால் ஒரு தாள் போயிருக்கிறது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் தையலைப் பாருங்கள். 16 பக்க ஃபாரத்தில் (மடித்துத் தைத்த கட்டில்) ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் தளர்ந்து ஆடும். பிளேடால் அறுத்திருந்தால் தையலோரம் மெல்லிய நறுக்கு நிற்கும். ஸ்கேன் பிரதியில் இந்த அடையாளம் ஒன்றும் தெரியாது. ஸ்கேன் செய்தவர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருந்தாலும் இதே தாவல்தான் வரும். ஸ்கேனை மட்டும் வைத்துத் தணிக்கை என்று எழுதிவிடக் கூடாது.

தொல்லை தருவது, வெட்டிவிட்டுப் பாடல்களுக்குப் புது எண் போட்ட பதிப்பு. எண்ணிக்கை அழகாக ஓடும். ஆனால் ஒரு பாட்டில் கேள்வி இருக்கும், அதற்குப் பதில் சொல்லும் பாட்டு இருக்காது. அப்போது ஏட்டுச்சுவடியோடு ஒவ்வொரு பாட்டின் முதற்குறிப்பையும் (தொடக்கச் சொற்களையும்) ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டிய இடத்தில் நட்சத்திரக் குறியோ புள்ளி வரிசையோ போட்டவர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள்.

1867இன் அச்சுச் சட்டம் இங்கே உதவிக்கு வரும். அதன்படி அச்சிட்டவர் பேரும் ஊரும் நூலில் இருந்தாக வேண்டியிருந்தது; இல்லையென்றால் முகப்புத் தாள் மாற்றப்பட்டிருக்கலாம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட நூற்பட்டியலில் பக்க எண்ணிக்கை, அளவு, பதிப்பு, விலை எல்லாம் பதிவாகும். அந்தப் பக்க எண்ணிக்கையைக் கையிலுள்ள படியோடு பொருத்திப் பார்த்தால், அச்சகத்தில் குறைந்ததா பிறகு குறைந்ததா என்று தெரிந்துவிடும்.

நூலகப் பட்டியல் அட்டையில் நூல் பேருக்கு நேராக ஆண்டை எழுதினால் போதாது. 1887ஆ, 1910ஆ, 1952 மறுபதிப்பா என்பதோடு பாடல் எண்ணிக்கையையும் எழுதுங்கள். 584 இல்லாத படியை "முழுமை" என்று குறித்துவிட்டால், அடுத்து வருகிற ஆய்வு மாணவர் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்.